வளரும் புருவம்

கண்ணை மூடிக்கொள் என்று அவன் சைகை காட்டினான்.

மூடிக்கொண்டாள்.

மூடியதுமே வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அவனுக்குக் காது கேட்காது. வாய்ப்பேச்சும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் கையாலும் முகத்தாலும்தான்.

சீப்பின் நுனியால் அவளுடைய இடது புருவத்தைக் கீழே வாரினான். முடி இமையைத் தாண்டி இறங்கிக் கன்னத்தைத் தொட்டது.

கூசியது. சிரித்துவிட்டாள்.

புருவம் இவ்வளவு நீளம் வளருமா? டாக்டரம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார். காதுக்குப் பின்னாலிருந்து முடியை ஒவ்வொன்றாக எடுத்து, தழும்பில் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தபோது. நெற்றி மரத்திருந்தது. விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். எந்தப் பக்கம் சாய்த்து வைக்கிறீர்கள், வேர் பிடித்தது எப்படித் தெரியும், நரைத்தால் இதுவும் நரைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்த முடிக்கு இடம் மாறுனது தெரியாதுங்க. இன்னும் தலையிலதான் இருக்கறம்னு நெனச்சு வளந்துட்டே இருக்கும். அப்பப்ப வெட்டி உட்டுக்கோணும்."

கத்தரி 'கிரிச்' என்றது. மூக்கின் மேல் ஏதோ உதிர்ந்தது. ஊதித் தள்ளினான்.

முன்பொரு நாள் குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு ஆவி முகத்தில் அடித்தபோது கண் தப்பியது. புருவம் இரண்டும் போயின. தழும்பில் முடி திரும்ப முளைக்கவில்லை.

"கல்யாணந்தான் ஆயிருச்சே, இனி ஆரு பாக்கப் போறாங்க?" என்றாள் அக்கா.

அவன் பார்ப்பான். பார்த்துத்தானே ஆகவேண்டும்.

கைமொழியில் கை ஒரு பாதிதான். 'சாப்பிட்டாய்' என்பது கை. கூடவே புருவம் உயர்ந்தால்தான் அது 'சாப்பிட்டாயா?'. பிறந்ததிலிருந்து அதில் பேசுகிறவர்கள் தலையைச் சாய்ப்பார்கள், தோளை முன்னால் கொண்டுவருவார்கள். அவள் பிந்திக் கற்றுக்கொண்டவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கல்யாணம் வரை அவள் அங்கே செக்கிங், அவன் கட்டிங். டீ நேரத்தில் அவனும் அவன் கூட்டாளிகளும் கைகளால் சிரித்துப் பேசுவதை வேடிக்கை பார்க்கப் போய் ஒட்டிக்கொண்ட மொழி. அவளுடைய கேள்விகள் எல்லாமே புருவத்தில் இருந்தன.

வெறும் தோல் ஏறி இறங்குவது டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியவில்லை.

முதலில் சின்னச் சின்னப் பிசகுகள். ரசம் ஊற்றட்டுமா என்றால் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டான். தூங்கலாமா என்றால் எழுந்துபோய் விளக்கை அணைத்தான். இருட்டில் அதை எப்படித் திருத்துவது? இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் அவன் முகம் வெளிறிப்போய் வந்தான். சூப்பர்வைசர் வெட்டின துணியைச் சுருட்டி அவன் மேல் எறிந்திருக்கிறான். எல்லார் முன்னாலும்.

வேலையை விடப் போகிறாயா என்று கேட்டாள்.

மறுநாள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டான். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

ஏன்?

நீதான் சொன்னாய்.

சொல்லவில்லை. கேட்டேன்.

அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேறு கம்பெனியில் சேர்ந்தான். அவள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

நட்ட முடியெல்லாம் முதலில் உதிர்ந்தது. உதிரும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இருந்தும் தலையணையில் பார்த்தபோது அழுதாள். மழைக்காலம் முடியும்போது கறுப்பாக முளைவிட்டது.

தோளில் விரலால் தட்டினான்.

கண்ணைத் திறந்தாள்.

வெகு அருகில் அவன் முகம். துணியில் விளிம்பு பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி, வெட்டின புருவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கேட்டாள்.

சந்தோஷமாக இருக்கிறாயா?

புதிய கேள்வி இல்லை. எத்தனையோ சாயங்காலங்களில் கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் லேசாகச் சிரித்துத் தலையாட்டுவான். அதையே பதில் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு இரண்டு புருவங்களும் மேலே ஏறின. ஒன்று குட்டை. ஒன்று நீளம்.

சிரிக்கப் போனவன் நிறுத்தினான்.

கேட்கிறாயா?

கேட்கிறேன்.

கத்தரியைக் கீழே வைத்தான். விரல்களில் ஒட்டியிருந்த முடியை லுங்கியில் துடைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

பழைய இடத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். இங்கே நான் மட்டும்தான். டீ நேரத்தில் யாரும் என் பக்கம் திரும்புவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை கை சும்மா கிடக்கிறது.

அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த வெட்டு முடியைத் தட்டிவிட்டான். மறுபடி கைகளை எடுத்தான்.

நீ தினம் தினம், 'நீ சந்தோஷமாக இருக்கிறாய்' என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

 

அங்கேயே திரும்பிப் போகிறாயா என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை புருவத்தை இறக்கவே இல்லை.