பச்சைத் திரைக்கு உள்ளே

தருமபுரியின் சின்ன சுகாதார நிலையத்தில் காலை வெயில் பச்சைத் திரை வழியாக இறங்கி, கட்டிலில் படுத்திருக்கும் ஏஞ்சலினின் முகத்தையும் பச்சையாக்குகிறது. ஏழு மாத வயிறு. கன்னத்தில் கன்றிய தடம். “பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா சிஸ்டர்,” என்று யாரும் கேட்காமலே கணவன் இனிகோ திரைக்கு வெளியே நின்று சொல்கிறான். தக்காளிக் கூடை இறக்கிய வாடை அவனுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. “ஒங்கூட்டு பாத்ரூமுக்கு அஞ்சு வெரலா?” என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு, நர்ஸ் நிர்மலாதேவி பிள்ளைத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைக்கிறார். டக்கு டக்கு டக்கென்று அறை நிறைகிறது. கருவியின் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டுகிறார். “இனிகோ, ஒம்புள்ள ஓடற ஓட்டத்தக் கேளுப்பா!” வெளியே அவன் பெருமையாகச் சிரிக்கிறான். நிர்மலாதேவி ஏஞ்சலினின் காதருகே குனிகிறார். எத்தனையோ பெண்களிடம் இந்தச் சத்தத்துக்கு அடியில்தான் அவர் பேசியிருக்கிறார். “இப்ப நீ பேசறது அவனுக்குக் கேக்காது கண்ணு. அடிச்சானா?” ஏஞ்சலின் திரையைப் பார்க்கிறாள். அப்பால் அவன் நிழல் அசையாமல் நிற்கிறது. வயிற்றுக்குள் பிள்ளை விடாமல் ஓடுகிறது. மெல்லக் கை நீட்டி, அந்தக் குமிழைக் கடைசிவரை அவளே திருப்புகிறாள். “நெறைய சொல்லணும்க்கா,” என்கிறாள்.