புதிதாக ஏதாவது வந்தால்

வாத்தியாரின் இடுப்பை அளந்துகொண்டிருந்த தையல்காரர், போன் ‘டிங்’ என்றதும் டேப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

வெப்சைட்டில் புதிதாக எது வந்தாலும் ஃபீட் மூலம் போனுக்கே வரவழைக்கலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே வாத்தியார்தான். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“என்னங்க, வந்துடுச்சா?” காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியோடு எழுந்துவிட்டாள்.

“இல்ல. நம்ம பையன் இல்ல.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. “வேலை தேடிப் போன பையன்தானே? மனசை விட்டுடாதீங்கம்மா. அடுத்த லிஸ்ட்ல கட்டாயம் வந்துடுவான்.”

“வாயைக் கழுவுங்க சார்.” அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

தையல்காரர் போனை நீட்டினார். காவல்துறையின் பக்கம் அது.

‘அடையாளம் தெரியாத பிணங்கள். புதியது: ஆண், வயது சுமார் அறுபது.’