காது வில்லை

என் பங்கு வைக்கோலைத் தின்றது நீதான். உன் பேர் தெரியாது. என்னைப் போலவே நீயும் ஒரு கறுப்பு ஆடு என்பது மட்டும் தெரியும்.

வறட்சிக்குத் தீவன முகாம் போட்டிருந்தார்கள், ஆட்டுக்கு ஒரு கட்டு. குட்டிக்குப் பால் வற்றிக்கொண்டிருந்ததால் முட்டி மோதி முன்னே போனேன். பங்கு போடுகிற கழுதை, "நீ அப்பவே வாங்கிட்டியே தாயி" என்றது.

"எவ வாங்கினா? என் வயித்தைப் பாருங்க கழுதையண்ணே."

"கறுப்பு ஆடு ஒண்ணு வந்துச்சு, கொடுத்தேன். எனக்கு எல்லாக் கறுப்பும் ஒண்ணுதான். காதுல நம்பர் வில்லை மாட்டிக்கிட்டா உன் பங்கை இன்னொருத்தி வாங்க முடியாது."

"நம்பர் போட்டுக் கசாப்புக்கடைக்கு அனுப்பவா?"

"அதுக்கு நம்பர் எதுக்கு? கயிறு போதும்."

சிரிப்பு வந்தது, ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. "காதுல ஓட்டை போடணும்னா ரெண்டு கட்டு."

"ஒண்ணுதான். ஆனா தினமும் உனக்கே வரும்."

சரியென்று காதை நீட்டி வில்லை மாட்டிக்கொண்டேன்; சுருக்கென்று வலித்தது. மறுநாள் வேண்டுமென்றே கடைசியில் போய் நின்றேன். கழுதை காதைப் பார்த்துவிட்டுக் கட்டை நீட்டியது. மடியில் பால் ஊறியது. குட்டி வயிறு முட்டக் குடித்துத் தூங்கிய பிறகு எனக்கும் நிம்மதியாகக் கண் சொருகியது.

ஆனாலும் உன்னை விடமாட்டேன். நீ தின்றது என் குட்டியின் ஒருநாள் பால். நாளைக்கு நீயும் வில்லை மாட்டிக்கொண்டு வந்து, உன் கட்டில் பாதியை என் முன்னால் வை. உனக்கும் குட்டி இருக்கலாம், அதனால்தான் பாதியோடு விடுகிறேன்.