அவனாகக் கூப்பிடட்டும்

"அவனாக் கூப்பிடட்டும். நீ முதல்ல போனைக் கீழ வை" என்றார் ரெமிஜியஸ்.

ஜெசிந்தா வைக்கவில்லை. திரையில் மகன் எல்வினின் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், அவன் குரல் கேட்டுவிடும். அந்த ஒரு தட்டுக்குத்தான் இந்த வீட்டில் தடை.

"சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடறேங்க."

"அதைத்தானே கேக்கக் கூடாதுன்னு அவனோட தெரபி டீச்சர் சொன்னாங்க? நீ கேட்டாத்தான் சாப்பிடணும்னு அவனுக்குப் பழகிப் போயிடும். நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டா யாரு கேப்பா?"

"விளக்கு வைக்கிற நேரத்துல உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

ரெமிஜியஸ் பேப்பரை விரித்துக்கொண்டார். அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வீறாப்பு விடவில்லை, அவ்வளவுதான்.

கீழ்வீட்டுச் செவ்வந்தி கையில் கிண்ணத்தோடு மாடியேறி வந்தாள். நீடாமங்கலத்துக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் தெருவில் பாதிப் பேருக்குக் குழம்பு கொடுத்துப் பழகிவிட்டாள்.

"விரால் மீன் குழம்பு, சூடா இருக்கு. ஆமா, உங்களுக்கு ஒரு பையன்னு சொன்னாங்களே, கண்ணுலயே படலையே? என் பையன் மாதிரி சிங்கப்பூரா?"

"இல்லக்கா. எல்வினுக்கு ஆட்டிசம்" என்றாள் ஜெசிந்தா. "ஆறு வயசுலதான் பேச்சே வந்துச்சு. தெரபி தெரபின்னு தஞ்சாவூருக்கு அலையாத நாள் இல்ல. எந்த ஸ்கூலுக்குப் போனாலும், 'வேற இடம் பாருங்க'ன்னாங்க. எப்படியோ கரையேத்திட்டோம். இப்ப ஒரு பேக்கரியில பெட்டி மடிக்கிறான். தனியாத்தான் இருக்கான். தானே சமைச்சு, தானே துவைச்சு..."

"தனியாவா? எந்த ஊர்ல?"

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் ரெமிஜியஸ் பலமாகச் செருமினார். நாலு பேருக்குத் தெரிந்தால் இரக்கப்பட்டே பிள்ளையைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

செவ்வந்திக்கு அந்தச் செருமல் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "என்னமோ போங்க. நல்ல புள்ளைங்களை வெளிய அனுப்பிட்டே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுக் கெடக்கோம். இந்த மாதிரிப் புள்ளையைப் போயி..."

"அவனும் நல்ல புள்ளைதான்க்கா."

சுருக்கென்று வந்த பதிலில் செவ்வந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்ல?"

"போகக் கூடாது. டீச்சர்தான் வாரா வாரம் பாத்துட்டு, நல்லா இருக்கான்னு சொல்றாங்க. சித்திரையில விட்டுட்டு வந்தோம், இதோ ஐப்பசியும் வந்தாச்சு. 'ஏதாவது வேணும்னா கூப்பிடுப்பா'ன்னு சொல்லிட்டு வந்தேன். அவனுக்கு ஒண்ணு சொன்னா சொன்னபடிதான். எதுவும் வேணும்னு தோணல போல. கூப்பிடவே இல்ல."

சொல்லிவிட்டு ஜெசிந்தா போனை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். எதற்காக இத்தனை வருஷம் நாயாய் அலைந்தாளோ, அது நடந்துவிட்டது. சந்தோஷம்தான் பட வேண்டும். ஆனாலும், பெற்றவளிடம் கேட்க ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாமல் போகுமா? ரசத்துக்கு எவ்வளவு புளி என்றாவது கேட்கக் கூடாதா, பாவி!

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?" செவ்வந்தி பெருமூச்சு விட்டாள். "என் மகனும் அப்படித்தான். வாயிலேருந்து நாலு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடும்."

வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

போன் அடித்தது.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். "எல்வின்ங்க! அவனேதான்!"

வீறாப்பும் பேப்பரும் எங்கே போயின என்று தெரியவில்லை. ரெமிஜியஸ் பாய்ந்து வந்தார். "எடு, எடு! ஸ்பீக்கர்ல போடு!"

"எல்வின்! என்னப்பா? என்ன வேணும்? உடம்பு சரியில்லையா? சொல்லுடா கண்ணு!"

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றது ஏற்ற இறக்கம் இல்லாத குரல். "மழை பெய்யுது. உங்க மொட்டை மாடியில துணி நனையுது. அப்பா வேட்டி நனையுது. அம்மா பச்சைப் புடவை நனையுது. சீக்கிரம் எடுங்க."

ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

செவ்வந்திதான் திருதிருவென்று விழித்தாள். "ஏங்க, எங்கயோ இருக்கற புள்ளைக்கு நம்ம மாடியில துணி நனையறது எப்படித் தெரியும்?"

யாரும் திறக்கக் கூடாது என்று இத்தனை மாதமாகத் தாழ் போட்டு வைத்திருந்த தெருப்பக்க ஜன்னலை ரெமிஜியஸே படாரென்று திறந்தார். எதிர்வீட்டு வாசலில், ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக, இவர்கள் மொட்டை மாடியையே அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தான் எல்வின்.

"அட, இந்த எதிர்வீட்டுத் தம்பியா!"

"இடம் மாறினா அவன் தாங்க மாட்டான்க்கா" என்றாள் ஜெசிந்தா, மகனிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் வீட்டை அவனுக்கு விட்டுட்டு, நாங்க இங்க வாடகைக்கு வந்துட்டோம்."