கம்பி ஒப்புக்கொண்ட தப்பு

பாறைத் திட்டுக்கு அருகே வலை இழுப்பதற்காகக் கித்தேரியான் தன் படகை மெதுவாக்கினான். உடனே மோட்டாருக்கு உதறல் எடுத்தது.

“எல்லாம் உன்னாலதான். நீ ஒழுங்கா கரண்டு குடுத்தா நான் ஏன் இப்படி நடுங்கப் போறேன்?” என்று அது பேட்டரியிடம் எரிந்து விழுந்தது.

“நீ சார்ஜ் ஏத்தினாத்தானே நான் குடுக்க முடியும்? காலையிலேர்ந்து பட்டினி கிடக்கேன்” என்றது பேட்டரி.

இரண்டையும் இணைத்திருந்த கம்பி மெல்ல வாயைத் திறந்தது. “அண்ணே, தப்பு என்னுதுதான். என் நட்டு லூஸாகி ஆடுது. அதான் எதுவும் போய்ச் சேரல.”

“சும்மா கிட! இவ்வளவு பெரிய தப்பைச் செய்ய உனக்கு ஏது தகுதி?” என்று மோட்டார் அதட்டியது. பேட்டரியும் ஆமாம் போட்டது. அன்று இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

சண்டை முற்றி மோட்டார் நின்றே போனது. அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. கித்தேரியான் பதறிப்போய் மோட்டார் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். கம்பி முனையில் படிந்த உப்பைச் சுரண்டி, நட்டை இறுக்கிவிட்டு, மோட்டாரைக் கிளப்பும் கயிற்றைப் பலமாக இழுத்தான். மோட்டார் உதறாமல் ஓடியது. பாறை ஒரு முழத் தூரத்தில் விலகிப் போனது.

“நல்லவேளை, நாம மனசு விட்டுப் பேசினோம்” என்றது பேட்டரி, வயிறு நிறைந்த குரலில்.

“பேசினா தீராதது எதுவுமில்ல தம்பி” என்றது மோட்டார்.

 கம்பிக்கு வேலை இருந்தது.