கரண்ட் வந்த நேரம்

மின்சார ஆபீசுக்குப் புகார் எழுதத்தான் நர்ஸ் அந்த நோட்டைப் போட்டாள். கரண்ட் போன நேரம், வந்த நேரம், அவ்வளவுதான். போனால் திரும்பி வர இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். இதுவரை ஐந்து தடவை வந்திருக்கிறது. ஐந்து தடவையும் அதே நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் போயிருக்கிறது.

டாக்டரிடம் நோட்டைக் காட்டினாள். "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நல்லாத் தூங்கும்மா" என்றார்.

கரண்ட் போய் இன்று மூன்றாவது நாள். பிற்பகல் மூன்று பத்துக்கு மின்விசிறி முனகிக்கொண்டே சுழன்றது. "அப்பாடா, வந்துருச்சு!" என்று வராந்தாவே கத்தியது. நர்ஸ் மட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாக ஓடினாள். முதல் கட்டில் கிழவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கட்டில் அம்மாள் தண்ணீர் கேட்டாள். மூன்றாவது கட்டில் பெரியவர் கையை உதறினார்.

"சும்மா சும்மா நாடி புடிக்காதம்மா, நான் இன்னும் போகல."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

பிரசவ அறையிலிருந்து நிறைமாதக்காரி கூப்பிட்டாள். "அக்கா, ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைங்களேன், புழுங்குது."

வைத்தாள். பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழலை அவள் வயிற்றில் வைத்துக் காது கொடுத்தாள். இடப்பக்கம், வலப்பக்கம், அடிவயிறு, மறுபடியும் இடப்பக்கம்.

"என்னக்கா, இவ்ளோ நேரம் கேக்கறீங்க?"

"ஃபேன் சத்தத்துல சரியாக் கேக்கலம்மா."

எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அறையில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. நர்ஸ் மறுபடியும் குழலை வைத்தாள்.