முக்காட்டுக்குள் காட்டுமாடு

காலை எட்டு மணியாகியும் சக்குபள்ளத்து ஏலக்காட்டு வாசலில் மூடுபனி விலகவில்லை. சுற்றுலா வந்த கவிஞர் ஒருவர் பனியின் முன்னே நின்று, மனைவி பிடித்திருக்கும் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறார்: "மலைப்பெண்ணே, உன் முகம் மறைக்கும் வெள்ளை முக்காடு..." அதற்குள் டங் டங்கென்று தகர டின் அதிர்கிறது. ஏலக்காயெடுக்கப் போகும் பெண்கள் பனிக்குள் நுழையுமுன் விலங்குகளை விரட்டத் தட்டுவது அது. அவர்களில் ஒருத்தி, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பிலோமி, தட்டுகிறாள். "ஒரு நிமிஷம் நிறுத்தும்மா, கவிதை பதிவாகுது" என்கிறார் கவிஞர். அவள் நிறுத்தவில்லை. "முக்காடாம்! கண்ணக் கட்டிவிட்ட துணி சார் இது. முந்தாநாள் இதுக்குள்ள நின்ன காட்டுமாடு முட்டித்தான் ராமுத்தாயக்கா இடுப்பொடிஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கு." ஏல இலைகளில் நீர் சொட்டுகிறது. "கொஞ்சம் அழகாவும் பாக்கலாமேம்மா" என்கிறார் கவிஞர், மெதுவாக. பிலோமி டின்னையும் கம்பையும் அவரிடம் நீட்டுகிறாள். "அப்ப இன்னைக்கு நீங்க முன்னால போங்க. கவிதையச் சொல்லிக்கிட்டே தட்டுங்க, நாங்க பின்னாடி வாரோம்." பின்னால் நிற்கும் பெண்கள் சிரிக்கவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு கிளை ஒடிகிறது. கவிஞரின் கை நீளவில்லை. பிலோமி டின்னை ஓங்கி அடித்துக்கொண்டே உள்ளே போகிறாள். கைப்பேசியில் அந்தச் சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருக்கிறது.